999 ரூபாய் இயர்பட்ஸில் பேஸ் எங்கே போச்சு?

திருச்சியில் கைலாசபுரம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. "பெல் டவுன்ஷிப்" என்றால் உடனே "ஓ... பாய்லர் ஃபேக்டரியா!" என்பார்கள். செக்கோஸ்லோவாகியா ஒத்துழைப்போடு 1965-ல் தொடங்கிய உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையின் ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு அது. வரிசையாக க்வார்ட்டர்ஸ், அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் மரம். இந்தக் கதை அங்கே ஒரு க்வார்ட்டர்ஸ் வீட்டில் நடந்தது. இயர்பட்ஸுக்கும் பாய்லருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கதாநாயகன் பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு பையன். மூன்று மாதமாக டீக்காசு, பஸ் காசு மிச்சம் பிடித்து 999 ரூபாய்க்கு ஒரு வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கினான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த விலையில் எல்லா டப்பாவிலும் ஒரே வார்த்தைதான் கொட்டை எழுத்தில் இருக்கும்: "எக்ஸ்ட்ரா பேஸ்". நம்ம நாட்டில் பேஸ் என்ற வார்த்தைக்கு அவ்வளவு மவுசு. போட் கம்பெனி தன் இயர்போன் வரிசை ஒன்றுக்கு 'பேஸ்ஹெட்ஸ்' என்றே பெயர் வைத்து விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பாவைப் பிரித்து, போனில் இணைத்து, முதல் பாட்டைப் போட்டான். கேட்டது என்ன? பாடகர் குரல் இருக்கிறது. வயலின் இருக்கிறது. சலங்கைச் சத்தம் கூட இருக்கிறது. ஆனால் அடியில் இருக்க வேண்டிய அந்த 'தும் தும்' மட்டும் இல்லை. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். 999 ரூபாய் போச்சே!

முதல் வைத்தியம்

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நம்ம ஆளும் செய்தான். சத்தத்தைக் கடைசி வரை கூட்டினான். அப்புறம் போனில் ஈக்வலைசரைத் திறந்து பேஸ் பட்டையை உச்சாணிக் கொம்புக்குத் தள்ளினான்.

பேஸ் கொஞ்சம் வந்தது. கூடவே 'கரகர'வும் வந்தது. டிரம் அடிக்கும்போதெல்லாம் பாடகரின் குரல் உள்ளே போய் வெளியே வந்தது. போதாக்குறைக்குத் தினமும் காலையில் பஸ் பயணம். திருவெறும்பூர், காட்டூர், அரியமங்கலம், பால்பண்ணை என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் உறுமலில் இருந்த பேஸும் காணாமல் போய்விடும். அப்புறம் என்ன, இன்னும் சத்தம். பத்து நாளில் ராத்திரி படுத்தால் காதுக்குள் 'ங்ங்ய்ய்...' என்று ஒரு ரீங்காரம். ஃபேன் சத்தமாக இருக்கும் என்று நினைத்தான். கரண்ட் போன ஒரு ராத்திரியில்தான் தெரிந்தது, அது ஃபேன் இல்லை.

மாமா வந்தார்

ஞாயிற்றுக்கிழமை காட்டூரிலிருந்து மாமா வருவார். துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். வெல்டிங், கிரைண்டிங், பைப் பிட்டிங் எல்லாம் தெரியும். வந்ததும் டி.வி.யைப் போடுவார். தெருமுனை வரை கேட்கும். பையன் வீட்டில் அது நிரந்தரமான ஜோக். "மாமா வந்துட்டாரு, பக்கத்து வீட்டுக்காரங்களும் சீரியல் பாக்கலாம்" என்று சிரிப்பார்கள்.

அன்றைக்கு மருமகன் முகம் சரியில்லை என்று பார்த்து, "என்னா மாப்ள?" என்றார். பையன் இயர்பட்ஸைக் காட்டிப் புலம்பினான். மாமா ஒன்றை வாங்கித் தன் காதில் வைத்தார். அப்புறம் ஒரு விரலால் லேசாக உள்பக்கம் அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார்.

"இதுல ஒண்ணும் கோளாறு இல்ல. காத்து போவுது மாப்ள."

"என்னங்க மாமா?" இந்த முறை பையன் கொஞ்சம் உரக்கக் கேட்டான்.

"லீக்கு! நீயே காதுல வச்சு லேசா அழுத்திப் பாரு."

அழுத்தினான். அடியில் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த பேஸ் எழுந்து உட்கார்ந்தது! விரலை எடுத்தான், போய்விட்டது. மறுபடி அழுத்தினான், வந்துவிட்டது. பத்து நாள் சண்டை போட்ட விஷயம் பத்து வினாடியில் முடிந்துவிட்டது.

"பைப்ப ஜாயின் பண்ணி உள்ள பிரஷர் ஏத்துனா, ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் முள்ளு இறங்கிடும். சோப்புத் தண்ணி தடவுனா அங்க குமிழி விடும். இதுவும் அப்படித்தான்" என்றார் மாமா.

சைக்கிள் பம்ப் கணக்கு

மாமா சொன்னது வெறும் உவமை இல்லை. நிஜமாகவே அதுதான் விஞ்ஞானம்.

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. மனிதக் காது கேட்பது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. பேஸ் என்பது இதில் அடிமட்டம், ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது. பேஸ் கித்தாரின் மிகத் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல்! இவ்வளவு பெரிய அலையை ஒரு ஹாலில் நிரப்பத்தான் கல்யாண வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி வைக்கிறார்கள்.

அப்படியென்றால் சட்டை பொத்தான் அளவு இயர்பட்ஸ் எப்படிச் சமாளிக்கிறது? அது ஹாலை நிரப்ப வேண்டியதில்லை. காதுத் துவாரத்துக்குள் அடைபட்ட காற்றை மட்டும் அழுத்தினால் போதும். அது ஒரு டீஸ்பூன் கூட வராது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த இடம் அடைபட்டிருக்க வேண்டும்.

ஓட்டை இருந்தால் ஏன் பேஸ் மட்டும் போகிறது, வயலின் போகவில்லை? வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மெதுவாக அமுக்கினால் காற்று ஓரத்தில் நழுவிவிடும், அழுத்தம் ஏறாது. சடாரென்று அமுக்கினால் நழுவ நேரமில்லை, கொஞ்சம் ஏறும். பேஸ் என்பது மெதுவான அமுக்கல், வினாடிக்கு நாற்பது ஐம்பது தடவை. வயலினோ வினாடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். அதனால் ஓட்டை முதலில் தின்பது பேஸைத்தான்.

டப்பாவுக்குள் தூங்கும் ரப்பர்

இயர்பட்ஸ் டப்பாவில் சின்ன பாலித்தீன் கவரில் ரெண்டு ஜோடி ரப்பர் முனை கூடுதலாக வரும். சின்னது, பெரியது. நடு அளவு ஏற்கனவே மாட்டியிருக்கும். முக்கால்வாசிப் பேர் அந்தக் கவரைப் பிரிப்பதே இல்லை. நம்ம ஆளும் பிரிக்கவில்லை. மாமா போட்ட அதட்டலில் மேஜை டிராயரைக் குடைந்து எடுத்தான். பெரிய முனையை வலது காதில் போட்டான். சரியாக உட்கார்ந்தது. இடது காதில் அது வலித்தது, அங்கே நடு அளவே போதுமாக இருந்தது. ரெண்டு காதுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை!

வீட்டில் செய்து பார்க்க ஒரு வரிசை:

1. முனையை மாட்டும்போது இன்னொரு கையால் காது மடலை லேசாக மேலும் பின்னாலும் இழுங்கள். துவாரம் நேராகும், முனை சரியாக உட்காரும். பிறகு பட்ஸைக் கொஞ்சம் முறுக்கி விடுங்கள்.

2. பாட்டு இல்லாமல் போட்டுக்கொண்டு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது போல 'கும்' என்று கேட்டால் அடைப்பு சரி. சாதாரணமாகக் கேட்டால் எங்கேயோ காற்று போகிறது.

3. ரப்பர் எதுவுமே பொருந்தாவிட்டால் பஞ்சு போல அமுங்கி விரியும் ஃபோம் முனை தனியாகக் கிடைக்கிறது. அமுக்கி உள்ளே வைத்துச் சில வினாடி பிடித்தால் காதின் வடிவத்துக்கு விரிந்துகொள்ளும்.

4. முனையின் வலையில் காதழுக்கு அடைத்திருந்தால் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் வேண்டாம்.

5. காதை மூடும் பெரிய ஹெட்போன் என்றால் மூக்குக் கண்ணாடிக் கம்பி, முடி, உரிந்துபோன மெத்தை மூன்றையும் பாருங்கள். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கே பேஸைத் தின்னப் போதும்.

இன்னொரு சந்தேகமும் பையனுக்கு இருந்தது: "ப்ளூடூத் என்பதால்தான் பேஸ் இல்லையோ?" பெரும்பாலும் இல்லை. எஸ்.பி.சி. என்ற சாதாரண கோடெக்கே பேஸைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. லேப்டாப்பில் மைக்கோடு ஆன்லைன் வகுப்போ காலோ போனால், ப்ளூடூத் பாட்டு முறையிலிருந்து பேச்சு முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய், பழைய டெலிபோன் போலச் சூம்பிய சத்தம் வரும். அந்த ஆப்பை மூடினாலோ, மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தாலோ பாட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். இது தெரியாமல் ஹெட்போனைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

இது ஒரு பட்ஜெட்

ஓட்டை அடைபட்ட பிறகுதான் ஈக்வலைசர். பி.காம். மாணவனுக்கு இது புரிவது சுலபம், ஏனென்றால் ஈக்வலைசர் என்பது ஒரு பட்ஜெட்.

டெசிபல் கணக்கு விநோதமானது. பேஸ் பட்டையை 3 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சக்தி வேண்டும். 6 ஏற்றினால் நாலு மடங்கு. 10 ஏற்றினால் பத்து மடங்கு! 999 ரூபாய் இயர்பட்ஸுக்குள் இருக்கும் குட்டி பேட்டரியும் குட்டி ஆம்ப்ளிஃபையரும் அந்தப் பத்து மடங்குக்கு எங்கே போகும்? தவிர, டிஜிட்டல் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டும் அலையின் தலை வெட்டப்பட்டுவிடும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் கிடைக்கும், இங்கே கிடைக்காது. அந்த வெட்டுத்தான் 'கரகர'.

ஆகவே வரவு கூடாதபோது செலவைக் குறைப்பதுதான் வழி. பேஸை ஏற்றுவதற்குப் பதிலாக மற்றதை இறக்குங்கள். 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை 3 அல்லது 4 டெசிபல் மட்டும் ஏற்றம். 250 முதல் 400 வரை 2 டெசிபல் இறக்கம். மந்தமான 'கொழகொழ' சத்தம் குடியிருப்பது அங்கேதான், அது போனாலே பேஸ் தெளிவாகும். ப்ரீஆம்ப் என்று ஒரு பட்டை இருந்தால் எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு அதை இறக்குங்கள். கணக்கு நேராகிவிடும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற ஆப்பில் பல ஹெட்போன் மாடல்களுக்கு அளந்து வைத்த திருத்தங்களே இருக்கின்றன. உங்கள் மாடல் இருந்தால் அதிர்ஷ்டம்.

நம்ம ஊர் வித்வான்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதைக் கச்சேரியில் பார்த்திருப்பீர்கள். தோலின் எடை கூடும், அதிர்வு நிதானமாகும், தொனி கீழே இறங்கும். ஓங்கி அடித்து வர வைக்கும் தொனி இல்லை அது. அளவாக அப்பி வர வைப்பது.

சத்தம் குறைந்தால் பேஸ் ஏன் ஓடுகிறது?

1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற ரெண்டு பேர் ஒரு விஷயத்தை அளந்து காட்டினார்கள் (அந்தப் பெல் வேறு, நம்ம பெல் வேறு!). சத்தம் குறைவாக இருக்கும்போது காது தாழ்ந்த ஒலியைச் சரியாகக் கண்டுகொள்வதில்லை. சத்தம் கூடக் கூடத்தான் பேஸ் நிறைந்து கேட்கும்.

'பேஸ் வேண்டும்' என்று வால்யூமைக் கூட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் இதுதான். பேஸுக்காகக் கூட்டுகிறோம். ஆனால் கூடுவது பேஸ் மட்டும் இல்லை, எல்லாமும்தான். அந்த எல்லாமும் காதுக்குள் போகிறது.

பஸ்ஸில் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் உறுமலும் தாழ்ந்த ஒலிதான், பாட்டின் பேஸும் தாழ்ந்த ஒலிதான். பெரியது சின்னதை மூடிவிடுகிறது. ரப்பர் முனை மேல் ஒலிகளை நன்றாகத் தடுக்கும், உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. ஆக பஸ்ஸில் பேஸ் கேட்கவில்லை என்றால் அது இயர்பட்ஸின் குற்றமில்லை. அங்கே போட்டி போட்டு ஜெயிக்கவும் முடியாது. நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் உறுமல் கொஞ்சம் அடங்கும். இல்லாவிட்டால் பஸ்ஸில் பேஸை மறந்துவிட்டு வீட்டில் கேட்பதே புத்திசாலித்தனம்.

காதுக்கும் ஒரு பட்ஜெட் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். 10 டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகிறது, பார்த்தீர்களா? உட்காதில் இருக்கும் மயிர் செல்கள் பிறக்கும்போது எத்தனையோ அத்தனைதான். மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அதீத சத்தம் முதலில் அடிப்பது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். அதாவது, சத்தத்தால் கெட்ட காதில் பேஸ் ரொம்ப நாள் நன்றாகவே இருக்கும். முதலில் போவது வேறு.

அது என்ன என்று பையனுக்குத் தெரிந்தது அன்றைக்குச் சாயங்காலம்தான்.

'எழுத்து வரல'

முனை மாற்றி, ஈக்வலைசர் திருத்தி, எல்லாம் முடிந்தது. வால்யூம் பாதியில்தான் இருந்தது. அடியில் பேஸ் கித்தார் தனியாக ஒரு நடை நடப்பது முதல் முறையாகக் கேட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. வைத்தியம் சொன்னவருக்குக் காட்ட வேண்டாமா? மாமாவுக்குப் பிடித்த இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, அவர் ரெண்டு காதிலும் மாட்டிவிட்டான். 'என் இனிய பொன் நிலாவே', 1980-ல் வந்த மூடுபனி படப் பாட்டு. மாமா கல்யாணம் ஆகாத காலத்திலிருந்து கேட்கும் பாட்டு.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. "பேஸ் பிரமாதம் மாப்ள!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பாடுறவரு என்ன சொல்றாரு? முன்னாடி தெளிவா கேக்கும்ல" என்றார்.

பையன் கை தானாகப் போனுக்குப் போனது. வால்யூமைக் கூட்டினான். மாமா முகத்தைச் சுளித்து பட்ஸைக் கழற்றிவிட்டார்.

"கூட்டாத. கூட்டினா சத்தம்தான் வருது, எழுத்து வரல."

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டறையில் கிரைண்டிங் மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நின்றது. காதடைப்பான் போட்டால் கூப்பிடுவது கேட்காது என்று யாருமே போடாதது. ராத்திரி படுத்தால் காதுக்குள் ரீங்காரம். முதல் ரெண்டு வருஷம் காலையில் சரியாகிவிடும். அப்புறம் ஆகவில்லை. இப்போது அத்தை சமையலறையிலிருந்து பேசினால் 'பத்து', 'கத்து', 'சத்து' எல்லாம் ஒரே வார்த்தையாகக் கேட்கிறது. டி.வி.யைக் கூட்டுவது சத்தம் பத்தாமல் இல்லை, எழுத்து பிடிபடாமல்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பையன் 'ரீங்காரம்' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டான். தன் ராத்திரி ஃபேனைப் பற்றி அவன் மாமாவிடம் சொல்லத் தயங்கினான். பிறகு சொன்னான். மாமா கோபப்படவில்லை. "எத்தன நாளா?" என்று மட்டும் கேட்டார். "பத்து நாளு மாமா" என்றான். "அப்ப இன்னியோட நிறுத்து" என்றார்.

அடுத்த வாரம் ரெண்டு பேரும் புத்தூர் அரசு மருத்துவமனைக்குக் காது பரிசோதனைக்குப் போனார்கள். பையனுடைய ரீங்காரம் அதற்குள் அடங்கியிருந்தது. அவன் தாளில் கோடு கிட்டத்தட்ட நேராகப் போனது. மாமாவின் தாளில் கோடு இடது பக்கம், அதாவது பேஸ் பக்கம், நன்றாகத்தான் தொடங்கியது. வலது பக்கம் போகப் போக மாடிப்படி போல இறங்கியது. போன செல் திரும்பாது, ஆனால் இறங்கிய பக்கத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும் காதுக்கருவி உதவும் என்றார்கள். எந்தப் பட்டையை எவ்வளவு ஏற்றுவது என்று காதுக்காகச் செய்யும் ஈக்வலைசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா முதலில் "அதெல்லாம் எதுக்கு, கிழவன் மாதிரி" என்று மறுத்தார். அத்தை பேசுவது கேட்கும் என்று பையன் சொன்னதும், "அது வேணுமான்னு யோசிக்கணும்" என்று சிரித்தார். யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்களே, இன்றைக்கு ராத்திரி ரெண்டே வேலை செய்யுங்கள். ஒன்று, அந்த டப்பாவைத் தேடி எடுத்து, பிரிக்காத பாலித்தீன் கவரைப் பிரித்து முனைகளை மாற்றிப் பாருங்கள். செலவு பூஜ்யம். பேஸ் வந்துவிட்டால் வால்யூமை ரெண்டு கட்டை கீழே இறக்குங்கள், அப்போதும் பேஸ் இருக்கும். இன்னொன்று, உங்கள் வீட்டில் டி.வி.யைச் சத்தமாக வைக்கும் மாமாவோ தாத்தாவோ இருந்தால், கிண்டல் செய்வதற்கு முன்னால் அவருக்கு எழுத்து வருகிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.